ஏழாம் மாடியின் ஆறு பைகள்

ஒரு கட்டடம் பிழைத்திருக்கிறதா இல்லையா என்பதை அதன் குப்பையைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பது பூமாரியின் கட்சி. திருவனந்தபுரம் தம்பானூரில், பஸ் ஸ்டாண்டுக்கு அடுத்த தெருவில் நிற்கும் ஒன்பது மாடி நெடுங்கோட்டை பிளாசாவில் அவள் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். வள்ளியூரிலிருந்து புரோட்டா மாஸ்டருக்கு வாக்கப்பட்டு வந்தவள், இரண்டே வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் துடைப்பம் பிடித்தாள். இப்போது வயது ஐம்பத்தாறு. கீழே எட்டுப் பெண்கள்.

சாயங்காலம் நாலரைக்கு அந்த எட்டுப் பேரும் மாடி மாடியாகக் குப்பைப் பைகளை இறக்கி பேஸ்மெண்டில் அடுக்குவார்கள். கான்ட்ராக்டருக்கு மொத்தம் எத்தனை பை என்று சொன்னால் போதும். பூமாரி அப்படி எழுத மாட்டாள். எந்த மாடிக்கு எத்தனை பை என்று தனித்தனியாக எழுதுவாள். ஆரம்பத்தில் அது எந்தப் பெண் வேலையில் ஏய்க்கிறாள் என்று பிடிப்பதற்காக. போகப் போக அதுவே அவளுக்குக் கட்டடத்தின் நாடி பிடிக்கிற வேலையாகிவிட்டது. நாலாம் மாடி இன்சூரன்ஸ் ஆபீசில் ஆள் குறைந்தால் சாயாக் கப் குறையும். ஒன்பதாம் மாடி பி.எஸ்.சி. கோச்சிங் சென்டரில் பரீட்சை நெருங்கினால் கசக்கிய தாளும் சிப்ஸ் கவருமாகப் பதினோரு பை வரும். வருஷம் முடிந்ததும் பழைய நோட்டுகளைக் கான்ட்ராக்டர் தூக்கிப் போடச் சொல்வான். பூமாரி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள்.

அவள் பங்கு வாங்கியதற்கும் குப்பைக்கூடைதான் காரணம். மூன்றாம் மாடியில் ஒரு ஷேர் புரோக்கர் ஆபீஸ். அங்கே கூடையைக் கவிழ்த்தபோது கிழிந்த தாள் ஒன்றில் தான் வேலை பார்க்கும் கட்டடத்தின் படம் இருப்பதைப் பார்த்தாள். அங்கே வேலை செய்த ஸ்வப்னாவிடம் காட்டி இது என்னவென்று கேட்டாள். கட்டடத்துக்குச் சொந்தமான கம்பெனி பங்குச் சந்தையில் இருப்பதாகவும், யார் வேண்டுமானாலும் அதில் ஒரு துண்டு வாங்கலாம் என்றும் ஸ்வப்னா விளக்கினாள். ஒரு பங்கு பதினோரு ரூபாய். கீழே கடையில் சாயாவே பன்னிரண்டு.

ஸ்வப்னா நல்ல பெண், விற்பதற்காக எதையும் மறைக்கவில்லை. நெடுங்கோட்டை ப்ராப்பர்டீஸுக்கு எண்ணூறு கோடி கடன். கொச்சியில் கட்டிய மாலுக்கு ஆள் வரவில்லை. கழக்கூட்டத்தில் கட்ட ஆரம்பித்தது தூணோடு நிற்கிறது. ஒழுங்காக வாடகை வருவது இந்தத் தம்பானூர் கட்டடம் ஒன்றில்தான்.

"இத்தனை கடன் உள்ள கம்பெனி வேணுமோ சேச்சி?" என்றாள்.

"கடன் அவனுக்குத்தான மோளே. எனக்கு இல்லல்லா."

அன்றிலிருந்து, சம்பளம் வரும் பத்தாம் தேதிதோறும், சீட்டுக்குக் கட்டுவதுபோல், நூறு பங்கு. கை கொஞ்சம் தாராளமான மாதம் இருநூறு. வீட்டில் கணவர் ஆறுமுகநயினார் இதைக் காசைக் கரியாக்கும் கூத்து என்றார். கூட வேலை செய்தவர்கள் அவளை 'முதலாளி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் அதற்கும் திரும்பிப் பார்த்தாள். ஐந்து வருஷத்தில் ஏழாயிரத்து நானூறு பங்கு சேர்ந்துவிட்டது. விலை மட்டும் பதினொன்றைத் தாண்டவேயில்லை.

ஒரே ஒரு பிசகு கணக்கைத் திறந்த அன்றே நடந்துபோனது. பாரத்தில் போன் நம்பர் கேட்டபோது, படித்தவன் நம்பர் இருக்கட்டும் என்று மகனுடையதைக் கொடுத்துவிட்டாள். வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடுகளில் கேஸ் புக்கிங் முதல் பாங்க் வரை அப்படித்தானே எழுதுவார்கள். ஆகவே அவள் பங்குகளுக்கான ஓடிபி எல்லாம் ஷார்ஜாவில் போய் இறங்கியது.

மகன் பிரவின்ராஜ் அங்கே ஒரு சரக்குக் கம்பெனியில் கிளார்க். ஐந்தாவது வரை வள்ளியூர்ப் பாட்டி வீட்டில் தமிழிலும் பிறகு திருவனந்தபுரத்தில் மலையாளத்திலும் படித்தவன். இரண்டு மொழியிலும் அவனுக்கு முதலில் வருகிற சொல் 'வேண்டாம்' என்பதுதான் என்று பூமாரி சொல்வாள். பாவம், அவனுக்கும் காரணம் இருந்தது. அவன் அறையில் ஆறு பேர் இருந்து இப்போது மூன்று பேர். மற்ற மூவரையும் ஒரே வியாழக்கிழமையில் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் கெட்ட செய்தி என்றே நினைத்துப் போனை எடுப்பான்.

ஆனி மாதத்தில் தபாலில் ஒரு நோட்டீஸ் வந்தது. பூமாரி அதை அப்படியே மூன்றாம் மாடிக்கு எடுத்துப் போனாள். ஸ்வப்னா வாசித்துவிட்டு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். கடனைக் குறைப்பதற்காகத் தம்பானூர் கட்டடத்தை விற்கப் போகிறார்கள். வாங்குவது சேர்மனுடைய மருமகனின் சொந்தக் கம்பெனி. விலை அடிமாட்டு விலை. காரணம், கட்டடத்தில் ஐம்பத்தொன்பது சதவீதம் காலியாகக் கிடக்கிறதாம். மற்ற மாடிகளில் பாதி ஆளில்லையாம், ஏழாம் மாடியும் எட்டாம் மாடியும் மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறதாம்.

"ஏழாம் மாடியா?" என்றாள் பூமாரி. ஏழாம் மாடியில் போர்டு இல்லைதான். ஆனால் காலையில் ஒரு கூட்டமும் மதியத்தில் ஒரு கூட்டமுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருப்பதை அவள் தினமும் பார்க்கிறாள். பிரியாணி டப்பாவே இரண்டு பை வரும்.

விற்றுவிட்டால் கம்பெனியிடம் மிஞ்சுவது கழக்கூட்டத்துத் தூண்களும் கொச்சியின் காலிக் கடைகளும் கடனும்தான். அவளுடைய ஏழாயிரத்து நானூறும் வெறும் தாள். ஆனால் ஒரு விதி இருந்தது. சேர்மனின் குடும்பமே வாங்குவதால் அந்தக் குடும்பத்தின் பங்குகளுக்கு இதில் ஓட்டில்லை. முடிவு சொல்ல வேண்டியவர்கள் வெளியே இருக்கும் சில்லறைப் பங்குதாரர்கள். பொதுக்கூட்டம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பொன்முடியில் ஒரு ரிசார்ட்டில். ஸ்வப்னா சிரித்துவிட்டாள். பஸ்ஸே ஒழுங்காகப் போகாத மலை உச்சியில் கூட்டம் போட்டால் எந்தச் சில்லறைப் பங்குதாரர் வருவார்? கம்ப்யூட்டரிலேயே ஓட்டுப் போடலாம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது, ஓடிபி மட்டும் வேண்டும் என்றாள்.

பூமாரி அங்கிருந்தே மகனைக் கூப்பிட்டாள். அவன் முழுவதும் கேட்டான். பிறகு, ஒன்பது ரூபாய் கிடைக்கிறபோதே எல்லாவற்றையும் விற்றுவிடச் சொன்னான். அவர்கள் பெரிய ஆட்கள், கட்டடமும் அவர்களுடையது, அம்மாவின் பெயர் வெளியே வந்தால் மறுநாள் வேலை இருக்காது என்றான்.

"ஓட்டு ரகசியம்தானல?"

"ரகசியம்னு எழுதியிருப்பான்மா. நம்பாத. நான் ஓடிபி தரமாட்டேன்."

"தராத. நேர்ல போறவளுக்கு ஓடிபி வேண்டாம்லா," என்று போனை வைத்தாள். அதற்குப் பிறகு அவன் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. கோபம் வந்தால் பேசாமல் இருப்பது அவளுக்கு வழக்கம். முன்பு ஒருமுறை கணவரோடு நாற்பது நாள் பேசாமல் இருந்திருக்கிறாள்.

சனிக்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறினாள். ஆதாரும் ஸ்வப்னா எடுத்துக் கொடுத்த பங்குக் கணக்குத் தாளும் ஒரு கவரில். மூன்று வருஷத்துப் பை நோட்டுகள் துணிப்பையில். மலையடிவாரத்து விதுராவில் இறங்கி, சாயா குடித்து, பொன்முடி பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். ரிசார்ட் முன்னால் இறங்கியவர்கள் இரண்டே பேர். மற்றவர் நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த சத்தியநேசன், பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். கம்பெனி நல்லாயிருந்த காலத்தில் நாற்பது ரூபாய்க்கு வாங்கி மாட்டிக்கொண்டதாகத் தானே சொன்னார்.

வாசலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த நீது என்ற பெண் பூமாரியின் தாளைப் பார்த்து எண்ணைத் தட்டினாள். நிமிர்ந்து, இந்தக் கணக்கின் ஓட்டு நேற்றே ஆன்லைனில் பதிவாகிவிட்டது, மறுபடி போட முடியாது, உள்ளே போய் உட்காரலாம் என்றாள்.

பூமாரி தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஓடிபி யாரிடம் போகும் என்பது அவளுக்குத் தெரியாதா? எந்தப் பக்கம் போட்டிருக்கிறது என்று கேட்டாள். அது ரகசியம், தனக்கும் தெரியாது என்றாள் நீது. போனை எடுத்தால் மலையில் சிக்னல் இல்லை. பயந்தாங்கொள்ளிப் பயல் சேர்மனுக்கே ஓட்டைப் போட்டுவிட்டான் என்று அவள் மனசு அடித்துச் சொன்னது. திரும்பிப் போகவும் மதியம் வரை பஸ் கிடையாது.

உள்ளே போனாள்.

நாற்பது நாற்காலியில் இருபத்தைந்து பேர். பாதிக்கு மேல் கம்பெனி ஆபீஸ் முகங்கள். அவர்களில் ஒருவன் பிளாசாவின் மேனேஜர் வினீத். அவளைக் கண்டதும் எழுந்து வந்து, "சேச்சி இவிடே எந்தா?" என்று கேட்டான். கூட்டிப் பெருக்க யாரோ அழைத்து வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பான்.

"கூட்டத்துக்கு வந்தேன் சார்," என்று முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

சேர்மன் திரையில் படம் காட்டிப் பேசினார். கடனின் பாரம், வட்டி, வருத்தமான ஆனால் தவிர்க்க முடியாத முடிவு. பிறகு கட்டடத்தின் மாடிகள் வந்தன. ஏழும் எட்டும் முழுக்கச் சாம்பல் நிறத்தில் இருந்தன. கேள்வி உண்டா என்று அவர் மரியாதைக்குக் கேட்டபோது பூமாரி எழுந்தாள். பின்னாலிருந்து வினீத், "சேச்சி, இரிக்கு," என்று மெதுவாக உட்காரச் சொன்னான்.

சேர்மன் அவள் யார் என்று கேட்டார்.

"பேரு பூமாரி. ஏழாயிரத்தி நானூறு ஷேர்." நோட்டைப் பிரித்தாள். "ஏழாம் மாடி காலின்னு போட்டிருக்கு. போன திங்கக்கிழமை ஆறு பை. செவ்வாய் ஆறு. புதன் ஏழு. மூணு வருஷத்துக்கு நோட்டு இருக்கு சார். காலி மாடி எப்படி தினம் ஆறு பை குப்பை போடும்?"

சேர்மன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோட்டுக்காரர் ஒருவர், கம்பெனிக் கணக்கைக் குப்பையால் தணிக்கை செய்யும் முறை இன்னும் வரவில்லை என்றார். சிலர் சிரித்தார்கள்.

"நான் கணக்கு சொல்லல சார். பை சொல்லுதேன். பிரியாணி தின்னவன் வாடகை குடுக்கானா இல்லியா? குடுத்தா அது யாரு கைக்குப் போகுது? அத மட்டும் சொல்லுங்க, உக்காந்துருதேன்."

சேர்மன் வேறு கேள்வி உண்டா என்று கேட்டார். அவள் உட்காரவில்லை. சத்தியநேசன் எழுந்து, இந்தக் கேள்வியைக் கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதவேண்டும், எழுதியதை வாசித்துக் காட்டவேண்டும் என்று பாங்க் இங்கிலீஷில் கேட்டார். செக்ரட்டரி சேர்மனைப் பார்த்தார், பிறகு எழுதினார். வாசித்தும் காட்டினார். அதற்குப் பிறகுதான் பூமாரி உட்கார்ந்தாள்.

பஸ் மலையிறங்கி விதுராவுக்கு வந்தபோது போனுக்கு உயிர் வந்தது. எடுக்காத அழைப்புகள் பத்தொன்பது. இருபதாவதை எடுத்தாள்.

"எம்மா, எங்க இருக்க?"

"ஏல, யாரைக் கேட்டு என் ஓட்டப் போட்ட?"

"அதச் சொல்லத்தான நேத்துலேருந்து கூப்பிடுதேன். நான் போட்டுட்டா நீ மலைக்குப் போகமாட்ட, உன் மூஞ்சிய யாரும் பாக்கமாட்டான்னு போட்டேன்." மூச்சு வாங்கினான். "வேண்டாம்னுதான்மா போட்டேன்."

வாழ்நாளில் முதல் தடவையாக அவனுடைய 'வேண்டாம்' ஒரு வேலைக்கு ஆகியிருந்தது.

"நான் எந்திரிச்சுப் பேசிட்டேன்," என்றாள்.

"பேரு சொன்னியா?"

"எத்தனை ஷேருன்னும் சொன்னேன்."

திங்கட்கிழமை முடிவு வந்தது. ஸ்வப்னா கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னாள்: நூற்றுக்கு ஐம்பத்து நாலு ஓட்டு எதிர்ப்பு, விற்பனை விழுந்துவிட்டது. ஏறக்குறைய எல்லாம் கூட்டத்துக்கு முன்பே ஆன்லைனில் விழுந்த ஓட்டுகள்தான். பொன்முடிக் கூட்டத்தில் நேரில் போட்டவர்கள் பதினொரு பேர், அவளுடைய பேச்சு எதையும் புரட்டிவிடவில்லை. ஆனால் அந்த வாரமே ஆடிட்டர் ஆட்கள் இரண்டு பேர் பிளாசாவுக்கு வந்து, ஏழாம் மாடிக்குப் போகும் லிஃப்ட் எது என்று கேட்டார்கள்.

வினீத் மறுநாள் முதல் அவளுக்குக் கழக்கூட்டத்தில் வேலை என்று ஒரு தாளைக் கொடுத்தான். அங்கே தூண்களும் ஒரு வாட்ச்மேனும்தான். பூமாரி வேலையை விடுவாள் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவள் இரண்டு பஸ் மாறிப் போனாள். சாயங்காலம் நாலரைக்குப் புது நோட்டைத் திறந்து தேதி போட்டு, 'வாட்ச்மேன் – ஒரு பை' என்று எழுதினாள்.

பத்தாம் தேதி திரும்பி வரும் வழியில் தம்பானூரில் இறங்கி மூன்றாம் மாடிக்கு ஏறினாள். விலை ஒன்பதே முக்கால். கடன் எண்ணூறு கோடியில் எண்ணூறும் அப்படியே இருக்கிறது என்று ஸ்வப்னா நினைவுபடுத்தினாள். பூமாரி நூறு பங்கு வாங்கச் சொன்னாள். கூடவே போன் நம்பர் மாற்றும் பாரத்தைக் கேட்டு, தன் நம்பரைத் தானே எழுதிக் கையெழுத்திட்டாள்.

இரண்டு வாரம் கழித்து பிரவின்ராஜ் பதறிக் கூப்பிட்டான். அம்மாவின் கணக்கிலிருந்து ஒரு மெசேஜும் வருவதில்லை, யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்றான்.

"நான்தான் செஞ்சேன்," என்றாள் பூமாரி. "ஓடிபி இனிமே இங்க வரும். நீ தூங்கு எய்யா."