எழுப்பாமல் விட்ட சாவு

என் கணவர் ஒரு சிங்களச் சரித்திரப் படத்தில் செத்திருக்கிறார். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் சாவுதான். ஆனால் எங்கள் வீட்டில் அது இன்னும் முடியவில்லை.

அவர் லுணுகலை டவுனில் ஆட்டோ ஓட்டினார். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில் பிறந்தவர். மற்றவர்கள் காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துக் கொழுந்து பறிக்க மலையேறக் கிளம்பும் நேரத்தில், இவர் ஆட்டோவைத் துடைத்துப் பளபளவென்று வைத்துக்கொண்டு டவுனுக்கு இறங்கிவிடுவார். ஆட்டோ ஸ்டாண்டில் பாதிப்பேர் சிங்களவர்கள். எல்லோரும் ஒருவருக்கொருவர் மச்சான்தான். புத்தர் பண்டிகையான வெசாக் வந்தால் அவர்களோடு சேர்ந்து இவரும் மூங்கில் சீவி விளக்குக்கூடு கட்டுவார். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோகாவிட்டால் அவர்கள் வீடு தேடி வந்து சண்டை பிடிப்பார்கள். “நான் டவுன் ஆளு” என்று அவர் சொல்லிக்கொள்ளும்போது எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும். இருக்கிற லயத்து அறைகூடத் தோட்டத்துக்குச் சொந்தம். இந்த நாட்டில் எங்களுக்கென்று இருந்த இடம் அந்த ஸ்டாண்டில் அவருடைய ஆட்டோ நின்ற இடம் மட்டும்தான்.

படக்காரர்கள் சண்டைக் காட்சி எடுக்க மடுல்சீமைப் புல்வெளிக்கு வந்தார்கள். படைக்கு ஆள் வேண்டுமென்றதும் ஸ்டாண்டே கிளம்பிப் போனது. ஆள் பிரித்தவர் பெயரைக் கேட்டுத்தான் பிரித்தார். சிங்களப் பெயரென்றால் ராஜாவின் படை, தமிழ்ப் பெயரென்றால் கடல் தாண்டி வந்த பகைவனின் படை. என் கணவருக்குப் பக்கத்தில் ஆட்டோ போடும் நண்பர் இவரைவிடக் கறுப்பு. அவருக்கு மஞ்சள் துணியும் மின்னுகிற ஈட்டியும் கிடைத்தன. இவருக்கு முகத்தில் கரி, தலையில் எருமைக்கொம்பு வைத்த தொப்பி. எந்தத் தமிழ் ராஜாவின் படை எருமைக்கொம்போடு அலைந்ததென்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுப்பவள் நான்.

நண்பர் ஈட்டியால் குத்த வேண்டும், இவர் விழ வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கு இருவரும் ஸ்டாண்டில் குடைக்கம்பை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள்.

கரி போகாத முகத்தோடு அவர் வீட்டுக்கு வந்த அன்று மாமியார் வாசலிலேயே மறித்துவிட்டார். எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். காமன் வேஷம் வருஷா வருஷம் என் கணவருக்குத்தான். சிவன் எரிப்பார், காமன் சாவான், ரதி அழுவாள். பிறகு பாட்டுப் பாடி அவனை உயிரெழுப்புவார்கள். வேஷம் கட்டிச் செத்தவனை எழுப்பாமல் விட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பது மாமியாரின் நம்பிக்கை.

“ஒன்னய யாருடா எழுப்புனது?”

“இது சினிமாம்மா. கட்டுன்னு சொன்னா நாமளே எந்திரிச்சிக்க வேண்டியதுதான்.”

“கட்டாவது மண்ணாவது. கடைசியிலயாவது எழுப்புவாங்களா, மாட்டாங்களா?”

அவருக்குப் பசி. “எழுப்புவாங்க, எழுப்புவாங்க. வழிய விடும்மா” என்று உள்ளே போய்விட்டார்.

படம் பதுளைக்கு வந்ததும் வேன் பிடித்துக் குடும்பத்தோடு போனோம். ஸ்டாண்டுக்காரர்கள் முன்வரிசையில். என் கணவர் திரையில் வந்தார், நண்பர் குத்தினார், இவர் விழுந்தார். கொட்டகையே எழுந்து கைதட்டியது. ஸ்டாண்டுக்காரர்கள் தட்டியது தங்கள் ஆட்கள் இருவரையும் பார்த்த சந்தோஷத்தில். மற்றவர்கள் அதற்காகத் தட்டவில்லை. எங்களுக்குப் பின்னாலிருந்து ஒருவன், மிச்சமிருப்பவர்களையும் கடலில் தள்ளு என்று சிங்களத்தில் கத்தினான். அதற்கும் கைதட்டினார்கள். தன்னைத் திரையில் பார்த்துச் சிரித்த என் கணவருக்கு அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். மாமியார் எழவில்லை.

“செத்த இருங்க. இன்னும் எழுப்பலியே.”

கூட்டம் போனது. கூட்டுகிறவர் துடைப்பத்தோடு வந்து நின்றார். வெள்ளைத் திரையைப் பார்த்தபடி மாமியார் உட்கார்ந்தே இருந்தார். அவர் மடியிலிருந்த எங்கள் மகள், “அப்பாவ எப்ப எழுப்புவாங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் இருவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அதன்பிறகு ஸ்டாண்டில் நண்பர்தான் ஹீரோ. ஆட்டோவில் ஏற வருகிறவர்கள் படத்தில் குத்திய மாதிரியே அவரைச் செய்துகாட்டச் சொல்வார்கள். குடைக்கம்பை எடுப்பார், இவர் விழுவார். வாரக்கணக்கில் விழுந்தார். ஒருநாள் விழவில்லை. விழுடா மச்சான் என்று நண்பர் சிங்களத்தில் சொன்னார். இவர் அசையாமல் நின்றார். சுற்றியிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்களாம். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து இவருடைய முறை வரும்போது யாராவது முந்திக்கொண்டு பயணியை ஏற்றி ஹயர் போனார்கள். கொஞ்ச நாளில் இவர் டவுனுக்கு இறங்குவதையே விட்டுவிட்டார். தோட்டத்துக்குள்ளேயே ஓட்டினார்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தக் காலத்துச் சண்டைகள் இப்படியில்லை, இரண்டு பக்கமும் எல்லா ஆட்களும் கலந்து நின்றிருக்கிறார்கள், அன்றைக்குச் செத்தவனுக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்றேன்.

“ஒங்க புக்குல இருக்கலாம். படத்துல இல்லியே” என்றார்.

எனக்கு வெறுத்துப் போனது. வருஷக்கணக்காகக் கரும்பலகையில் எழுதியதையெல்லாம் ஒரு குடைக்கம்பு அழித்துவிட்டது.

பிறகு இந்தியாவிலிருந்து தமிழ்ச் சரித்திரப் படமொன்று பதுளைக்கு வந்தது. அதைப் பார்க்கவேண்டுமென்று அவர்தான் துடித்தார். ஸ்பிரிங்வெளித் தோட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் வேன் வேனாக வந்திருந்தார்கள். ராஜாவின் கப்பல்கள் இந்தத் தீவின் கரையில் வந்து மோதியதும் கொட்டகை அதிர்ந்தது. என் கணவர் நாற்காலிமேல் ஏறி நின்று விசிலடித்தார். அவர் கண்ணில் தண்ணீர். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த ராஜா வந்தது கொடியோடும் யானையோடும். எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து தோட்டக் கூலிக்கு வந்தது ஆள் பிடித்த கங்காணிக்குப் பின்னால், காட்டு வழியே கால்நடையாக, நோயில் விழுந்தவர்களைப் பாதையோரம் விட்டுவிட்டு. ராஜாவின் கப்பலில் எங்களில் எவனாவது இருந்திருந்தால் துடுப்புப் போட்டிருப்பான். இரண்டு படத்திலும் கொழுந்துக் கூடை சுமந்த ஒரு பெண்ணைக்கூட நான் பார்க்கவில்லை. இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அந்த விசிலைத் தவிர அந்த மனிதரிடம் வேறென்ன மிஞ்சியிருந்தது?

அந்தத் தீபாவளிக்கு ஸ்டாண்டுக்கு முறுக்கு போகவில்லை. ஆனால் நண்பர் வந்தார். மனைவியில்லாமல், இரண்டு பிள்ளைகளோடு, கையில் ஒரு கேக் பெட்டியோடு. என் கணவர் வாங்க என்று சொல்லிவிட்டு ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். மாமியார் முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்தார். சரியாகிவிடும் என்று எனக்குக்கூட அந்த நேரத்தில் ஒரு நப்பாசை வந்தது.

பிள்ளைகள் லயத்து வாசலில் விளையாடினார்கள். நண்பரின் மூத்த மகள் ஒரு தேயிலைக் குச்சியை எடுத்தாள். குத்தக்கூட இல்லை, தூக்கினாள், அவ்வளவுதான். யாரும் சொல்லாமலே என் மகள் மார்பைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தாள். நேர்த்தியாக விழுந்தாள்.

நான் ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன்.

“எந்திரிம்மா, மண்ணு.”

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “அப்பாவ யாருமே எழுப்பலியேம்மா.”

பிள்ளை என்ன சொல்கிறாள் என்று நண்பர் சிங்களத்தில் கேட்டார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சிங்களம் நன்றாகத் தெரியும். யாரும் பதில் சொல்லவில்லை.