ஃபெரி என்ன நினைத்தான்?

இன்று மத்தியானம் மிளகாய்த்தூள் தீர்ந்துபோய், கடைப் பப்ரிகாத் தூளை எண்ணெயில் போட்டேன். கறி நன்றாகச் சிவந்தது, உறைக்கத்தான் இல்லை. என் சமையல் அந்த அளவில்தான். ஆனால் அந்த வாசம் என்னை, டென்மார்க்குக்கு வந்த புதிதில் வேலைசெய்த ஹேர்னிங் நகர நெசவாலையின் சாப்பாட்டறைக்குக் கொண்டுபோய்விட்டது. கூட வேலைசெய்த இஸ்த்வானின் சூப் அப்படித்தான் மணக்கும்.

இஸ்த்வான் இளவயதில் ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்தவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து. இருவருடைய டேனிஷும் நொண்டி. சேர்ந்தால் ஒருமாதிரி நடக்கும். தன் கருத்து என்று அவர் எதையும் சொல்லமாட்டார். "ஃபெரி எண்டு எனக்கொரு சிநேகிதன். தொழிற்சாலையைத் தொழிலாளரே நடத்தவேணும், கட்சியும் வேண்டாம், முதலாளியும் வேண்டாம் எண்டுவான்," என்பார்.

"ஃபெரி இப்ப எங்கை?" என்று ஒருநாள் கேட்டேன். சிரித்துக்கொண்டு கரண்டியால் தன் நெஞ்சில் தட்டினார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஊரில் நாங்களும் எங்கள் கருத்தை இன்னொருவர் வாயில் வைத்துத்தானே சொன்னோம்? இயக்கமோ இராணுவமோ, யாரைப் பற்றிச் சொல்வதானாலும் "சனம் கதைக்குது" என்றுதான் தொடங்குவோம். பயம் போன பிறகும் பழக்கம் போகவில்லை.

போன மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வாளரான ஒரு பெண், இஸ்த்வானோடு வேலைசெய்தவன் என்று என்னைத் தேடி வந்தாள். தனி மனிதர்களின் வாழ்க்கை வழியாக ஹங்கேரியரின் அரசியல் சிந்தனை வரலாற்றை எழுதுகிறாளாம். தலைவர்கள் பேசியதெல்லாம் எழுதியாயிற்று, சாதாரண ஆட்களின் தலைக்குள் என்ன ஓடியது என்பதே அவளுக்கு வேண்டியிருந்தது. இஸ்த்வானுக்கு நினைவு தப்புமுன் அவரைப் பேட்டி எடுத்திருக்கிறாள். அவரை அரசியலில் நாட்டமில்லாதவர் என்று ஒரு பத்தியில் முடித்துவிட்டு, ஃபெரிக்கு முழு அத்தியாயம் ஒதுக்கி, அவனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஃபெரி எண்டு ஒருத்தரும் இல்லை. அது இஸ்த்வான்தான்," என்றேன்.

அவள் குறிப்பேட்டை மூடினாள். "அப்பிடியெண்டா அதை அவரே சொல்லவேணும். இல்லாட்டி, இல்லாத ஃபெரியையும் எழுதேலாது, அவர் சொல்லாததை அவர் பேரிலையும் எழுதேலாது."

இஸ்த்வான் இருக்கும் முதியோர் இல்லத்துக்குச் சேர்ந்து போனோம். டேனிஷ் அவரை விட்டுப் போய், ஹங்கேரியன் மட்டும் மிஞ்சியிருந்தது. அவள் அந்த மொழியில் கேட்டு, பதிலை எனக்குச் சொன்னாள்: "எனக்கு ஒண்டும் தெரியாது. ஃபெரி வருவான், அவனைக் கேளுங்கோ."

ஞாபகம் வரட்டும் என்று, அவர் அன்று செய்ததுபோல் என் நெஞ்சில் தட்டிக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அவள் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுத்தான் மொழிபெயர்த்தாள்: "வந்திட்டியா, ஃபெரி?"

வீட்டில் மகளுக்கு இதைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, டேனிஷில்தான் கேட்டாள்: "அப்ப நீங்க, அப்பா? அந்த நாளில நீங்க என்ன நினைச்சீங்க?"

நெசவாலை இடிபட்டுவிட்டது, ஃபெரியின் அத்தியாயமும் புத்தகத்தில் இல்லாமல் போய்விட்டது. "சனம் கதைச்சது..." என்று தொடங்கினேன். மகள் காத்திருந்தாள். சனம் கதைத்ததெல்லாம் ஞாபகம் இருந்தது, அதில் நான் நினைத்தது எது என்றுதான் தெரியவில்லை.