பின்பாதியில் இருந்த காரணி

எங்கள் சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டப்பாக்களுக்கு அடியில் விரித்திருக்கும் காகிதத்தில் ஒரே ஓர் எண்தான் அச்சாகியிருக்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். பத்திரமாக வைத்திருப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். கெட்டிக் காகிதம், எண்ணெய் பட்டாலும் சீக்கிரம் கிழியாது. கரகரவென்று கத்தும் பழைய பிரிண்டரில் அதை எடுத்துக் கொடுத்தவர் என் அத்தை மகன். பரிசம் போடவில்லையே தவிர, எனக்கு அவர்தான் என்று நகரிப் பக்கத்தில் எங்கள் ஊர் முழுக்கத் தெரியும்.

இருவரும் திருப்பதியில் கணிதம் படித்தோம். அவர் எனக்கு இரண்டு வருடம் முன்னால். அந்த எண் ஒரு பகு எண் என்று முன்பே நிரூபித்திருந்தார்கள். ஆனால் அது எதனால் வகுபடும் என்று ஒருவருக்கும் தெரியாது. கணக்கு படிக்காதவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஒரு காரணியைக்கூடக் கண்ணால் காணாமல், இதற்குக் காரணி உண்டு என்று அடித்துச் சொல்ல ஒரு சோதனை இருக்கிறது. தேடிப் பிடிப்பதுதான் பெரும்பாடு. காரணி எந்த வடிவில் இருக்கும் என்பது மட்டும் தெரியும். அந்த வடிவில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வகுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிவிடும் என்று அமெரிக்காவுக்கு ஆள் எடுத்த நேரம். அவருக்கும் விசா வந்தது. கிளம்பும் முன், தேட வேண்டிய வரிசையை இரண்டாகப் பிரித்தார். "முன்பாதி உனுக்கு, பின்பாதி எனுக்கு. யாருக்குக் கெடச்சாலும் ரெண்டு பேர் பேரும் சேர்ந்துதான் வரும்" என்றார். கல்யாணப் பத்திரிகையில் பெயர் வருவதைப் போலத்தான் அது என் காதில் விழுந்தது.

நான் திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தேன். சாயங்காலம் பூட்டும்போது ஒரு மெஷினை மட்டும் ஓடவிட்டு பஸ் ஏறுவேன். கரண்ட் போய்விட்டால் மறுநாள் திரும்ப விட வேண்டும். சனிக்கிழமைதோறும் அவருக்கு மெயில் அனுப்புவேன்: இதுவரை பார்த்துவிட்டேன், இல்லை. அவரும் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று எழுதி, "இங்கயும் இல்ல" என்று முடிப்பார். அதை அத்தனை ஆசையாகப் படித்தேன் என்று நினைத்தால் இப்போதும் எரிகிறது. பெண் கேட்டு வந்தவர்களை நைனா வாசலோடு அனுப்பினார். அடுத்த வருடம் வருகிறேன், அடுத்த வருடம் வருகிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் வருடம் வெளிநாட்டுக்காரர்கள் சிலர் காரணியைக் கண்டுபிடித்து இணையத்தில் போட்டார்கள். கண்டுபிடிக்கத்தான் வருடக்கணக்காகும், சரிபார்க்க ஒரு நொடி போதும். வகுத்தேன். மீதி பூஜ்யம். பிறகு அது யார் பங்கில் கிடந்தது என்று பார்த்தேன். அவருடைய பின்பாதியில், அதுவும் தொடக்கத்திலேயே. போய் இறங்கிய முதல் மாதம் மெஷினை ஓடவிட்டிருந்தால் அகப்பட்டிருக்கும். அவர் ஒருநாள்கூடத் தேடவில்லை. இல்லை, இல்லை என்று எழுதியது அத்தனையும் பொய். போனில் கேட்டபோது சிரித்தார்.

"நீ இன்னுமா அதத் தேடிக்கினு கீற?"

அவர் வரமாட்டார், இனி அவருக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அன்றே நைனாவிடம் சொன்னேன். "ஒரு நம்பர வெச்சினு ஒரு மனுசன எப்டிம்மா முடிவு பண்ணுவ?" என்றார். தங்கை பிள்ளை மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்காக என்னுடைய இன்னொரு வருடமும் போயிற்று. பொங்கல் கழிந்து அத்தையே அழுதுகொண்டு வந்தாள். அங்கேயே கூட வேலை செய்த பெண்ணோடு அவருக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் நான், அமெரிக்கா மாப்பிள்ளையால் வேண்டாமென்று விடப்பட்ட பெண். ஏன் விட்டார் என்றுதான் கேட்டார்கள், என்னிடமே. ஒருவரும் மறுமுறை வரவில்லை.

போன வருடம் திருப்பதி மலைக்குச் சாமி கும்பிட வந்த அத்தை மகன், மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்தார். காபி போட்டேன். தம்ளரை வைக்கச் சமையலறைக்குள் வந்தவர், நான் சர்க்கரை டப்பாவை எடுத்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"இன்னா இது, முழுக்க நம்பரா கீது? பழைய பில்லா?"

"பழைய பேப்பர்தான் மாமா" என்றேன். டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.