கிரெடிட்டால் பெருக்காத கணக்கு

என் தோழியின் வாழ்க்கையை ஒரு தப்புக் கணக்கால் கெடுத்தவள் நான். கணக்கைப் போட்டபோது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்... அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

சுகந்திக்குக் காங்கேயம், எனக்குத் துடியலூர். அன்னூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஒரே பெஞ்சு. ரிசல்ட்டில் பாடவாரியாகக் கிரேடு மட்டும்தான் வரும். எல்லாப் பாடத்துக்கும் சேர்த்த சராசரியை, அதாவது சி.ஜி.பி.ஏ.வை, நாமே போட்டுக்கொள்ள வேண்டும். வகுப்பில் அந்த வேலை என் தலையில் விழும். எனக்கும் அதில் ஒரு பெருமை.

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஒரு கம்பெனி வந்தது. ஏழுக்குக் குறைந்தால் பெயர் கொடுக்க முடியாது. சுகந்தியின் அப்பா முன்பே சொல்லிவிட்டார்: "கேம்பஸ்ல வேல கெடச்சாப் போ கண்ணு. இல்லீன்னா தையில கண்ணாலம்."

அவளுடைய கிரேடுப் புள்ளிகளையெல்லாம் கூட்டி, எத்தனை பாடமோ அத்தனையால் வகுத்தேன். ஏழைத் தொடவில்லை.

"இன்னொருக்கா பாரு புள்ள" என்றாள்.

பார்த்தேன், அதே வழியில். "பத்தாது அம்மணி" என்றேன். அவள் பையை மாட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எதற்கோ சிலபஸைத் திறந்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே அதன் கிரெடிட். எல்லாப் பாடமும் ஒரே எடை இல்லையே! நான்கு கிரெடிட் பாடத்தில் 9 புள்ளி வாங்கினால் 36. ஒரு கிரெடிட் லேபில் 6 வாங்கினால் வெறும் 6. கூட்டினால் 42. மொத்த கிரெடிட் ஐந்தால் வகுத்தால் 8.4. என் வழியில் போட்டால் 7.5 தான் வரும். சுகந்தி தியரியில் கெட்டிக்காரி. லேபில் எக்ஸாமினரைப் பார்த்தாலே தெரிந்ததையும் தப்பாகச் செய்வாள். என் கணக்கு அவளை எங்கே தள்ளியது, பாருங்கள்...

பஸ்ஸிலேயே அவளுக்குச் சரியாகப் போட்டுப் பார்த்தேன். ஏழைத் தாண்டியிருந்தாள். பெயர் கொடுக்க மறுநாள் மதியம் வரை நேரம் இருந்தது.

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். ஏன்? வகுப்பே சிரிக்கும் என்ற கூச்சமா? அப்படித்தான் எனக்கு நானே வெகுநாள் சொல்லிக்கொண்டேன். பொய். எந்த வழியில் போட்டாலும் எனக்கு ஏழு இருந்தது. ஆனால் கம்பெனி எடுப்பது ஓரிருவரைத்தான்; என்னைவிடக் கெட்டிக்காரியான சுகந்தி வந்தால் எனக்குக் கிடைக்காது. அதுதான் காரணம். நான் எப்பேர்ப்பட்டவள் என்று அந்த பஸ்ஸில் தெரிந்துகொண்டேன்.

எனக்கு வேலை கிடைத்தது. தையில் அவளுக்குக் கல்யாணம். பந்தியில் என் இலையோரம் வந்து நின்று, "கூச்சப்படாமச் சாப்புடு புள்ள" என்றாள். சாப்பிட்டேன்.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். அவள் தங்கை இப்போது அதே கல்லூரியில் படிக்கிறாள், ரிசல்ட் வந்திருக்கிறது. "நீதான் கணக்குல கெட்டி. இவளுக்குச் சித்தே சொல்லிக் குடு."

புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு, மொத்த கிரெடிட்டால் வகு என்று சொல்லிக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் சுகந்தியும் கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கையிடமிருந்து போனை வாங்கினாள்.

"எனக்கும் இப்படித்தான போட்டே?"

"ஆமா புள்ள" என்றேன்.

"அப்பச் செரி" என்றாள். "ஒருக்கா ஊட்டுக்கு வா. பாத்து எத்தன நாளாச்சு."

வாரேன் என்று சொல்லியிருக்கிறேன்.