பக்கச் சில்லுக்கு ஒரு வெல்டிங் மெசின்

மனைவியின் ஸ்கூட்டி மதகடியில் சரிந்த அன்றுதான் வெல்டிங் மெசின் ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்தேன்.

அவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சண்டையின் கடைசி மாதங்களில் ஷெல் துண்டு பட்டுப் போனது. ஸ்கூட்டி சரியாமலிருக்க இரு பக்கமும் சின்னச் சில்லுகள், துணைச் சக்கரங்கள், பூட்டி, தண்ணீரூற்றிலிருந்து முள்ளியவளைப் பள்ளிக்கூடத்துக்குத் தானே ஓட்டிப்போய்க் கணக்குப் படிப்பிக்கிறாள். இடப்பக்கச் சில்லைத் தாங்கும் இரும்புக்கை இரண்டு தரம் வெடித்து விட்டுப்போனது. இரண்டு தரமும் ஊர் வெல்டிங் வேலைத்தலத்தில் ஒட்டுவித்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் தரம் அவளையும் கொண்டு சரிந்தது. முழங்கை தேய்ந்து, சேலையெல்லாம் செம்மண்ணாக, யாருடையதோ மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள்.

"இனி நான் ஏத்தி இறக்கிறன்" என்றேன்.

"ஏத்தி இறக்க நான் என்ன நெல்லு மூட்டையே?" பிறகு குரல் தாழ்ந்தது. "இந்த முறையும் சரிவரேல்லயெண்டா வேலையை விடுறன். ஒவ்வொரு நாளும் இன்னொராளைப் பாத்துக்கொண்டு நிக்க என்னால ஏலாது."

அடுத்த நாளே முல்லைத்தீவில் ஒரு கடைக்குப் போனேன். நடத்துகிறவர் ஒரு பெண். மூலையில் இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய பெரிய மெசின் ஒன்று. என் கண் அதைவிட்டு நகரவில்லை. பயந்தவனுக்குப் பாரமான சாமானில்தான் நம்பிக்கை.

"அண்ணை, பின்னேரத்தில பக்கத்து வளவில தண்ணிப் பம்பு போட்டா உங்கட வீட்டு பல்பு மங்குமோ?"

"மங்கும்."

"அப்ப உந்தப் பெரிசைத் தொடாதேங்கோ. உது கரண்டைக் குடிச்சுப்போட்டுச் சும்மா நிக்கும். இந்தச் சின்ன இன்வேட்டர் மெசினைக் கொண்டுபோங்கோ. கரண்டு குறைஞ்சாலும் இழுக்கும்." ஒரு முகமூடியையும் மேலே வைத்தார்.

"கறுப்புக் கண்ணாடி வீட்டில இருக்கு."

"அதைக் கலியாண வீட்டுக்குப் போடுங்கோ. கண்ணுக்கு ஸ்பெயார் வாறேல்ல."

எங்கள் தகரக் கொட்டிலுக்குப் பின்னால் ஓர் இரும்புக் குவியல் கிடந்தது. மீளக் குடியேறி வளவு துப்புரவாக்கியபோது மண் திருப்பித் தந்தவை. சண்டையில் எரிந்த கவச வாகனங்களின் தகடுகள். இங்கே எந்த வீட்டிலும் அப்படி ஏதாவது இருக்கும், கோழிக்கூட்டுக்கு மூடியாக, கேற்றுக்கு முட்டாக. முந்திய இரண்டு தரமும் அதிலிருந்து கனத்த துண்டொன்றை வெட்டுவித்து, இதைப் போடுங்கோ என்று வேலைத்தலத்தில் நானே கொடுத்திருந்தேன். ஷெல்லுக்கே நின்ற இரும்பு, ஒரு மனுசியைத் தாங்காதா? இந்த முறையும் கை அதற்குத்தான் போனது.

இரண்டு நாள் வேறு துண்டுகளில் பழகினேன். வெல்டிங் குச்சி இரும்பில் போய் ஒட்டிக்கொள்ளும், இழுப்பேன், திரும்ப ஒட்டும். பிறகு ஒருதரம் பிடிபட்டது. முகமூடியின் இருட்டுக்குள் ஒரு பச்சைச் சூரியன், அதன் கீழே உருகி நகரும் சிறு குளம், குளத்தின் பின்னால் இறுகி வரும் கரை. அந்தக் கரையை அவள் பாதைபோல நினைத்து ஸ்கூட்டியின் கையை ஒட்டி முடித்தேன். அழகாக விழுந்திருந்தது. அது ஆறும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

டிக்.

ஒட்டின் ஓரமாக மயிரிழை வெடிப்பு. அரைத்து எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினேன். மறுபடியும் டிக். மெசினைத் திட்டிக்கொண்டு துண்டோடு கடைக்குப் போனேன். அந்தப் பெண் அரம் எடுத்துத் தேய்த்தார். அரம் வழுக்கியது.

"இது எங்கத்தய இரும்பு, அண்ணை?"

"வளவுக்க கிடந்தது."

அவர் அரத்தைக் கீழே வைத்தார். "பதம் ஏத்தின கடும் இரும்பு இது. ஒட்டினா ஆறேக்க வெடிக்கும். மெசின்ல பிழையில்லை. சாதாரண மெல்லிரும்பு கொண்டுபோங்கோ. வளைஞ்சாலும் விடாது."

வீடு வரைக்கும் என் மோட்டார் சைக்கிள்தான் என்னைக் கொண்டுவந்தது. வேலைத்தலத்துப் பெடியளை எவ்வளவு ஏசியிருப்பேன்! குசினி வாசலில் நின்று மனைவியிடம் முழுவதும் சொன்னேன்.

"அப்ப என்னை விழுத்தினது நீங்கள்."

"ஓம்."

அவள் குவியலைப் பார்த்தாள். "அதில இருந்து எடுத்ததெண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லயே. சொல்லியிருந்தா ஏறியிருக்க மாட்டன். ஒருக்கா என்ர காலை எடுத்த சாமான்." அழவில்லை. உள்ளே போய்ச் சோற்றை வடித்தாள்.

மெல்லிரும்பில் ஒட்டினேன். ஆறியது. சத்தமில்லை. சீற்றின் பின்னே நெல் மூட்டை ஒன்றைக் கட்டி வயல் வரம்பில் ஏற்றி இறக்கிக் காட்டினேன்.

"கடைசியில என்னை மூட்டையாக்கித்தான் விட்டியள்" என்று சிரித்தாள். அந்தக் கிழமையில் முதற்சிரிப்பு.

திங்கட்கிழமை காலை பொய்க்காலைப் பூட்டி ஏறி இருந்தாள். "நான் திரும்பி வரேக்க உந்தக் குவியல் உதில இருக்கக்கூடாது."

படலையில் நின்றேன். ஸ்கூட்டியின் சத்தம் ஒழுங்கையால் போய், மதகில் ஏறும்போது மெலிந்து, ஒரு கணம் இல்லாமலாகி, அப்பால் மறுபடி எழுந்து போனது. முற்றாகத் தேயும்வரை கேட்டுவிட்டு, கொட்டிலின் பின்னால் போய் முதல் தகட்டைப் பிடித்து இழுத்தேன்.