பெயின்ட் அடிக்காத மாடிப்படி

நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் சித்தூரில் பழைய இரும்பு வியாபாரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. உடைத்த ரயில் வேகன் தகட்டை ஏலத்தில் எடுத்து என் வீட்டுக்கு மாடிப்படி போட்டேன். பெயின்ட்டே அடிக்கவில்லை. எத்தனையோ மழைக்கும் பழுப்பேறி அப்படியே நின்றது.

ஆந்திரா தனியாகப் பிரிந்த வருஷம் நகரியில் தம்பி மாணிக்கம் வீடு கட்டினான். கடையில் புது இரும்பு வாங்கி, அவனுக்கும் நானே படி போட்டேன். கொஞ்ச நாளில், "அண்ணா, துரு செதில் செதிலா உதிர்ந்துக்கினே இருக்குது. பெயின்ட் அடிச்சிடட்டுமா?" என்றான்.

"இரும்புல எனக்கே பாடம் சொல்றியா? என் வீட்டுப் படிய வந்து பாருடா, துருதான் அதுக்குச் சட்டை" என்று சிரித்தேன். என் பேச்சை அவன் தட்டியதே இல்லை.

ஏழு வருஷம் கழித்து, திருத்தணி மதராஸோடு சேர்ந்த வருஷம், ஒரு காலையில் மிளகாய் காயப்போட ஏறினான். மேல்படி பிய்ந்து விழுந்தவன் பிழைக்கவில்லை.

துக்கத்துக்கு வந்த ரயில்வே இன்ஜினீயர் சொல்லித்தான் தெரிந்தது. வேகன் எஃகில் கொஞ்சம் செம்பு கலப்பார்களாம். அதில் துரு இறுகப் பிடித்து உள்ளிரும்பைக் காக்குமாம். சாதா இரும்பில் துரு உதிர உதிர, உள்ளே தின்றுகொண்டே போகுமாம்.

இப்போதெல்லாம் என்ன கலந்த இரும்பென்று தெரியாவிட்டால், தெரியாது என்றே சொல்லிவிடுகிறேன். தம்பி வீட்டுப் புதுப்படியை வருஷா வருஷம் மழைக்கு முன்னால் நானே சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறேன். தம்பி மனைவி தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விடுகிறாள். ஒரு வார்த்தை திட்டினாலும் தேவலை.