ஜெயசுந்தரியின் பத்து நிமிஷ கேக்

அன்று காலையிலிருந்தே ஜெயசுந்தரிக்குக் கால் தரையில் பாவவில்லை. சர்க்கரையைக் கருக்கிப் பாகு எடுத்தாள், மைதாவைச் சலித்தாள், சலித்ததை மறந்துபோய் இன்னொரு தடவை சலித்தாள். கடை வேன் மத்தியானம்தான் வரும். அதற்குள் மாரேட்பள்ளி வீட்டு வாசலுக்கு அவள் எத்தனை நடை நடந்தாள் என்று கேட்டால், அவள் கணவர் சிலாஸ் சிரித்தபடியே சொல்வார்: "எங்க ரயில்வேயில இஞ்சினுக்குக்கூட இவ்வளவு ஓட்டம் கெடையாது."

சிலாஸுக்கு ரயில் நிலையத்து அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. கல்யாணமாகி, திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்த வருஷத்திலிருந்தே ஜெயசுந்தரிக்கு ஒரே ஒரு பித்து, கேக். டிசம்பர் மாதம் வந்தால் அந்தப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளிலிருந்து எல்லாரும் மாவைக் குழைத்துத் தகரத்தில் ஊற்றி, மேலே பெயர் எழுதிய காகிதத்தை ஒட்டி, பேக்கரிக்குத் தூக்கிப் போவார்கள். வீட்டில் யாரிடம் கேக் சுடுகிற அடுப்பு இருந்தது? தகரத்தைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஜெயசுந்தரி போகமாட்டாள். அடுப்பு வாயருகிலேயே நின்று, "பாய், என்னோடதைப் பின்னால தள்ளாதீங்க. ஆக் ஜாஸ்தி ஹை, தீ அங்க கூடுதல்!" என்று தனக்குத் தெரிந்த உருதுவில் சண்டை பிடிப்பாள். தன் கேக் வேகும்போது தன் கையில் தீ இல்லையே என்பதுதான் அவளுடைய நெடுநாளைய ஆதங்கம்.

அந்த ஆதங்கம்தான் அவளை மைக்ரோவேவிடம் கொண்டு சேர்த்தது. இஸ்திரிப் பெட்டி ரிப்பேருக்காக எம்.ஜி. ரோட்டில் ஒரு கடைக்குப் போனவள், கண்ணாடிக்குப் பின்னால் டெலிவிஷன் மாதிரி ஒரு பெட்டி சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அது என்ன என்று கேட்டாள். மானேஜர் பத்மநாபனுக்கு அதில் டீ சுட வைக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. விலையைக் கேட்டவர்கள் ஓடிப்போனார்கள், ஓடாதவர்கள் "இதுல என்ன சமைக்கலாம்?" என்று கேட்டார்கள். ஜெயசுந்தரி மட்டும் மறுநாள் ஒரு கிண்ணத்தில் மாவோடு வந்தாள். அடுத்த வாரம் ரவையோடு வந்தாள். ஒரு மாதத்தில் கடைக்கு வருகிறவர்களுக்கு அவளே செய்து காட்ட ஆரம்பித்துவிட்டாள். தீயே இல்லாமல் கேக் வேகிறது, அதுவும் அவள் கைப் பொத்தானில் வேகிறது! அவளுக்கு வேறு என்ன வேண்டும்?

இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கடைக்கு வெளியே. ராமச்சந்திரபுரத்துப் பக்கம் ஒரு பொதுத்துறைக் குடியிருப்பு, அங்கே மகளிர் சங்கம். பத்மநாபன் ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

"கம்பெனிக்காரங்க பம்பாயிலேருந்து ட்ரெயினிங் எடுத்த பொண்ணை அனுப்பறேங்கறாங்க. நான்தான் கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லியிருக்கேன். இந்த டெமோ நல்லா போச்சுன்னா ஊர் பூரா நீங்கதாம்மா. சொதப்பிச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்லை."

ஊர் பூரா! அந்த இரண்டு வார்த்தையை அவள் ராத்திரி முழுக்க மென்றுகொண்டிருந்தாள்.

டெமோவுக்கென்று முந்தின நாள் சாயங்காலம் வைக்கோல் சுற்றிப் புதுப் பாத்திரங்கள் வந்திருந்தன. வடக்கேயிருந்து வந்த கெட்டிப் பீங்கான். ஸ்டோன்வேர் என்றார் பத்மநாபன். ஊறுகாய் ஜாடி செய்கிற ஜாதிதான், ஆனால் கேக்குக்கும் கறிக்கும் ஏற்றபடி அகலமாக, காதுவைத்து வார்த்தது. உள்ளே தேன் நிறத்தில் வழவழவென்று மெருகு, அடியில் மட்டும் மெருகு படாத சொரசொரப்பு. ஜெயசுந்தரி ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு, புதுச் சட்டி வீட்டுக்கு வந்தால் அவள் அம்மா செய்கிறதை, அந்த அம்மாவின் அம்மா செய்ததை, யோசிக்காமல் செய்தாள். நல்லெண்ணெய் தடவி, பெரிய அண்டாவில் கஞ்சித்தண்ணீர் ஊற்றி, எல்லாவற்றையும் அதற்குள் ஊறப்போட்டாள்.

"காய்கு மம்மி, எதுக்கு இதெல்லாம்?" என்றாள் மகள் ஜூடித் பாதி உருதுவில், காலேஜ் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். "நியூ பீஸ்தானே. கழுவினா போதாதா?"

"புதுசுன்னுதான் பழக்குதேன். பழக்காம சூட்டில வச்சா வெடிச்சிரும்லா."

"பச்சப்பிள்ளையைக் குளிப்பாட்டுத மாதிரில்லா குளிப்பாட்டுதா உங்கம்மா!" என்றார் சிலாஸ். "காலைல பவுடரும் போடுவா பாரு."

காலையில் எடுத்து, நன்றாகத் துடைத்து, பழைய புடவைத் துணியில் சுற்றிக் கூடையில் அடுக்கிவிட்டாள்.

சங்கத்துக் கூடத்தில் நாற்காலி போதவில்லை. பாதிப் பேர் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் மைக்ரோவேவ், அதற்குக் கீழே ஸ்டெபிலைசர் ஒரு முனகலோடு ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் சங்கச் செயலாளர் கல்பகம், கணவர் அந்தத் தொழிற்சாலையில் பெரிய என்ஜினீயர். மாமி தலையாட்டினால் காலனி தலையாட்டும் என்று பத்மநாபன் வேனிலேயே சொல்லியிருந்தார்.

"முட்டை போட்டிருக்கேளா?" இதுதான் மாமியின் முதல் கேள்வி.

"ஒரு சொட்டுகூட இல்ல மாமி. தயிர்தான்."

"சரி, அப்போ பண்ணுங்கோ."

சிரிப்பு. ஜெயசுந்தரிக்குத் தைரியம் வந்துவிட்டது. மாவில் பாதியைப் பீங்கானில் ஊற்றியபடி பேச ஆரம்பித்தாள், பேச ஆரம்பித்தால் அவளை யார் நிறுத்துவது? இதில் தீ கிடையாது, புகை கிடையாது. பாத்திரம் சுடாது, உள்ளே இருக்கிற பண்டம் மட்டும்தான் சுடும். கரித்துணி வேண்டாம், கிடுக்கி வேண்டாம், வெறுங்கையால் எடுக்கலாம். பத்தே நிமிஷத்தில் கேக்.

"பத்து நிமிஷமா? எங்காத்துல கெரசின் ஸ்டவ்வுல பின் குத்தி அடைப்பு எடுக்கவே பத்து நிமிஷம் ஆறது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பெட்டிக்குள் விளக்கு எரிந்தது. தட்டு சுழன்றது. அத்தனை தலைகளும் அந்தச் சின்னக் கண்ணாடியை நோக்கிச் சாய்ந்தன. ஜெயசுந்தரி சபைக்கு முதுகு காட்டாமல் ஓரக்கண்ணால் பார்த்தாள். கடையில் இந்நேரம் மாவு உப்பி மேலே வந்திருக்கும். இங்கே அது குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. கண்ணாடி உள்பக்கம் ஆவி படர்ந்தது. மாவு வேகாமல் ஆவி எங்கிருந்து வருகிறது?

மணி அடித்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெறுங்கையால் எடுக்கலாம் என்று சொன்ன வாய் அவளுடையது. இரண்டு கையாலும் பாத்திரத்தின் காதுகளைப் பிடித்தாள்.

"யேசுவே!"

உள்ளங்கை தீய்ந்தது. கீழே போடாமல் எப்படி மேஜைக்குக் கொண்டுவந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மாவு தளும்பி மேஜைவிரிப்பில் கொட்டியது. நடுவில் இன்னும் பச்சை மாவு.

பின்வரிசைக் குரலே மறுபடி வந்தது: "பாத்திரம் வெந்துடுத்து. கேக்குதான் வேகலை!"

கூடமே குலுங்கியது. பத்மநாபன் பாய்ந்து வந்தார். "லோ வோல்டேஜ், மேடம், லோ வோல்டேஜ்! உங்க காலனி லைன்ல கரண்ட் கம்மி. கடையில வந்து பாருங்க, ஃபர்ஸ்ட் கிளாஸா வரும்" என்று சபைக்குச் சொல்லிவிட்டு, அவள் காதருகே, "ஆமான்னு சொல்லிடுங்கம்மா. தப்பிச்சோம்" என்றார்.

தண்ணீர்க் குவளையில் விரல்களை முக்கியபடி ஜெயசுந்தரி நின்றாள். சொல்லிவிடலாம். எல்லாரும் நம்புவார்கள், கரண்டைத் திட்டாத வீடு எது? அப்போது கல்பகம் எழுந்து மேஜைப் பக்கம் வந்து பாத்திரத்தின்மேல் குனிந்தாள்.

"அதென்ன, கஞ்சி வாசனை வரதே?"

ஜெயசுந்தரியும் குனிந்தாள். ஆமாம், கஞ்சி. சுடச்சுட வடித்த கஞ்சியின் வாசனை. ஒரு துணியால் பாத்திரத்தைச் சாய்த்து அடியைப் பார்த்தாள். மெருகில்லாத சொரசொரப்பிலிருந்து மெல்லிய ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது, விரிப்பில் வட்டமாக ஈரம். ராத்திரி முழுக்க அந்தப் பீங்கான் கஞ்சித்தண்ணீரைக் குடித்திருக்கிறது. பெட்டிக்குள் இருக்கிற சக்திக்கு ஈரம்தான் இரை. மாவுக்குப் போகவேண்டியதைப் பாத்திரத்துக்குள் இருந்த தண்ணீர் தின்றுவிட்டது.

மற்றவை? அவையும் அதே அண்டாவில்தான் ஊறின. ஒன்றுகூடக் காயவில்லை.

ஊர் பூரா என்ற வார்த்தை அவள் கண்முன்னே பம்பாய் ரயிலேறிப் போனது. ஆனால் கூடவே இன்னொன்றும் தோன்றியது. இந்தப் பாத்திரத்தை வாங்குகிற ஒவ்வொருத்தியும் வீட்டுக்குப் போய் என்ன செய்வாள்?

"வோல்டேஜ்னால இல்ல மாமி," என்றாள் சத்தமாக. பத்மநாபன் கண்ணை மூடிக்கொண்டார். "தப்பு என்னோடதுதான். புதுப் பாத்திரமாச்சேன்னு ராத்திரி கஞ்சித்தண்ணில ஊறப்போட்டேன். அது அடி வழியா குடிச்சிட்டு. அந்தத் தண்ணிதான் கொதிச்சு என் கையைப் பொசுக்கிட்டு."

கல்பகம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரும்பி சபையைப் பார்த்தாள்.

"ஏன்டி, புதுச் சட்டியைப் பழக்காம அடுப்பில வைக்கற பொம்மனாட்டி இங்க யாராவது இருக்கேளா? நானா இருந்தாலும் ஊறத்தானே போட்டிருப்பேன்!"

"நாங்க சாணி தடவுவோம் மாமி!" என்றது ஜமுக்காளத்துக் குரல் ஒன்று.

"நல்ல வேளை, அவ அதைச் செய்யலை!"

இப்போது கூடம் வேறு மாதிரி சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஜெயசுந்தரியின் புத்தி மறுபடி கிடுகிடுவென்று ஓட ஆரம்பித்தது. கிண்ணத்தில் பாதி மாவு இன்னும் இருக்கிறது. காய்ந்த பீங்கான் ஒன்று கிடைத்தால் போதும்.

"மாமி, உங்க வீட்டில கெட்டிப் பீங்கான் இருக்கா? ரொம்ப நாளா தண்ணி படாதது?"

"ஷோகேஸ்ல ஒண்ணு உக்காந்துண்டிருக்கு. பிள்ளை கொண்டுவந்தது, எதுக்குன்னே தெரியாம வெச்சிருக்கேன்."

"எங்காத்துல ஜாடி இருக்கு!" "எங்ககிட்ட தயிர் ஜாடி!" "நான் ஓடிப்போய் எடுத்துண்டு வரேன், எனக்கு முன்னால ஆரம்பிச்சுடாதீங்கோ!"

அவ்வளவுதான். குவார்ட்டர்ஸ் வரிசைகளில் செருப்புச் சத்தம் தடதடத்தது. திரும்பி வந்தவர்கள் கையில் ஊறுகாய் ஜாடிகள், உப்பு ஜாடிகள், மூடி தொலைந்தவை, காது உடைந்தவை. ஒருத்தி பூப்போட்ட சூப் கிண்ணத்தை ஏந்தி வந்தாள். அதன் விளிம்பில் மெல்லிய தங்கக் கோடு.

"இது வேண்டாம்க்கா, இந்தக் கோட்டில பொறி பறக்கும், உள்ள தீபாவளி நடக்கும்" என்று அதைத் தள்ளிவைத்தாள் ஜெயசுந்தரி. பிறகு, கடையில் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்த ஒரு சோதனையைச் செய்து காட்டினாள். வெறும் பாத்திரம், பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீர், ஒரு நிமிஷம். தண்ணீர் சுட்டு, பாத்திரம் குளிர்ந்திருந்தால் நல்ல பாத்திரம். பாத்திரம் சுட்டால் அதற்குள் ஈரமோ வேறு ஏதோ இருக்கிறது, வேண்டாம்.

"இதை முதல்லயே செஞ்சிருந்தா கை தப்பிச்சிருக்குமே" என்றாள் கல்பகம்.

"அதான் மாமி. ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு நானே செய்யாம விட்டேன்."

மாமியின் ஷோகேஸ் பீங்கான் சில்லென்று வெளியே வந்தது. மாவில் ஒரு சிட்டிகை சோடாவும் நாலு சொட்டு எலுமிச்சையும் புதிதாகச் சேர்த்து, நுரைத்ததும் ஊற்றினாள். விளக்கு எரிந்தது. இந்தத் தடவை யாரும் நாற்காலியில் இல்லை. மேஜையைச் சுற்றி மூச்சு முட்டும் கூட்டம். "எழும்பறதுடி! பாரு பாரு!" என்று யாரோ கத்தினாள். மாவு ஓரத்தில் உப்பியது, நடுவில் உப்பியது, பெட்டிக்குள் ஒரு பழுப்பு நிலா எழுந்தது. மணி அடித்தபோது கைதட்டலில் அது காதில் விழவே இல்லை.

யார் எடுப்பது? ஜெயசுந்தரியின் கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. கல்பகம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் எடுக்கறேன். பொசுக்கித்துன்னா உங்களை விடமாட்டேன்."

காதுகளைப் பிடித்தாள், தூக்கினாள், தலைக்கு மேலே தேர்போல ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். "இளஞ்சூடுதான்! காபி டம்ளரே இதைவிடச் சுடும்!"

கேக் துண்டுகள் மறைய நேரமாகவில்லை. பத்மநாபன் ஆர்டர் புத்தகத்தோடு ஒரு ஓரத்தில் முற்றுகையிடப்பட்டிருந்தார். அங்கிருந்தே எட்டிப் பார்த்து, "அம்மா! பம்பாய்க்கு இன்னிக்கே போன் போட்டு வேண்டாம்னுடறேன். சனிக்கிழமை சனத்நகர், திங்கக்கிழமை இன்னொரு காலனி கேட்டிருக்காங்க. வேன் ரெடி, கிளம்பலாமா?" என்று குரல் கொடுத்தார்.

"இருங்க சார்!" என்றாள் ஜெயசுந்தரி, திரும்பிக்கூடப் பாராமல். சுற்றிய துணி அவிழ்ந்து தொங்க, ஒரு மூடியில்லாத உப்பு ஜாடியைக் கவிழ்த்து அதன் அடியை முகர்ந்துகொண்டிருந்தாள். "வரிசையில இன்னும் ஆறேழு ஜாடி நிக்குல்லா. யாரோடதுக்கா இது, கடைசியா எப்போ கழுவினீங்க?"